கிணற்றடிப் பாத்தி யாருக்கு, அண்ணி?

என் செசிலி அண்ணிக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க முடியாது. இந்த மாதிரிக் கடிதத்தில் முதல் வரியிலேயே கண்ணீர் விட வேண்டும் என்று நம் மாதா கோயில் பங்குச் சாமியார் நினைக்கிறார் போலிருக்கிறது. பங்குத் தாளில் இறந்தவர்கள் நினைவுக்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாராம். "லூர்து டீச்சர், உங்க அண்ணியைப் பத்தி எழுதுங்க, அழகா எழுதுவீங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியும் அது தணியவில்லை.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். அண்ணன் மெழுகுவர்த்தி வாங்கி வைத்தாயிற்று. அங்கே உங்கள் தலைமாட்டில் நின்று சண்டை போட்டால் ஊர் சிரிக்கும். அதனால் கேட்க வேண்டியதை இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

கிணற்றடிப் பாத்தியை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அண்ணி?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தில் பட்டணத்தின்மேல் குண்டு விழப்போகிறது என்று எல்லோரும் மூட்டை கட்டிய வருஷம், சாந்தோமில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்துப் பங்களாவில் இருந்த வக்கீலும் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். போகும்போது கொல்லையை ஒரு கண் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னார். முள்ளாக மண்டிக் கிடப்பதற்கு எதையாவது போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அண்ணன் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா சொல்லிவைத்தார். மறுநாள் காலையில் நீங்கள் அரிவாளோடு அங்கே நின்றீர்கள்.

ராயபுரத்தில் துறைமுகக் குமாஸ்தா மகளாகப் பிறந்து, தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைத்தறியாதவர் நீங்கள். அது உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கூடையில் கீரை சுமந்து மந்தைவெளிப் பக்கம் விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மாவை வாசலில் நிறுத்திச் சேர்த்துக்கொண்டீர்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த தையற்காரர் காதர் பாய் மனைவி ஜைனபையும் இழுத்துக்கொண்டீர்கள். மூன்று பேருமாக முள் வெட்டி, கல் பொறுக்கி, ஏழு பாத்தி போட்டீர்கள். மூன்று வீட்டு அடுப்புக்குப் போக மிச்சத்தைக் கன்னியம்மா கூடையில் கொண்டுபோனாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தால், காப்பிக்கு முன்னால் கையில் வாளியைக் கொடுப்பீர்கள். நான் முணுமுணுப்பேன். நீங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

பிறகு ரேஷன் வந்தது. அரிசியைப் பிடி பிடியாகக் குறைத்துவிட்டுக் கோதுமையைத் தந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் தெருவே விழித்தது. அப்போது நம் மூன்று வீட்டிலும் தட்டு நிறைந்திருந்தது என்றால் அந்தத் தோட்டத்தால்தான். இதை நான் மறுக்கவில்லை. மார்கழி தையில் அவரையும் மொச்சையும், பொங்கல் சமயத்தில் பரங்கி, வெயில் ஏறினால் வெள்ளரிப் பிஞ்சும் கிர்ணிப் பழமும், நடுவில் எப்போது பார்த்தாலும் கீரை. ஜைனப் கோதுமையில் ரொட்டி போடக் கற்றுக்கொடுத்தாள். சுட்ட பரங்கிக்காயோடு அதை அண்ணன் ஒரு குறையும் சொல்லாமல் நாலு தின்பார்.

ஆனால் ஏழு பாத்தியும் ஒன்றல்ல. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆறு பாத்தியில் மணல்தான், சித்திரை வந்தால் மேலே உப்புப் பூத்துவிடும். கிணற்றை ஒட்டிய பாத்தி மட்டும் முன்பு வக்கீல் வீட்டு மாட்டுக்கொட்டகை இருந்த இடம். கறுத்த மண். இறைக்கிற தண்ணீர் சிந்தியே பாதி ஈரமாகிவிடும். கோடையில் மற்றதெல்லாம் வாடினாலும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

உங்கள் பேச்சைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. எது கேட்டாலும் "ஆகட்டும்" என்பீர்கள். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவீர்கள், மீதியைக் கேட்டவர்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அண்ணனிடம் "வரும்போது அதை மறக்காம வாங்கிட்டு வாங்க" என்றீர்கள். எதை என்று அவர் கேட்பதற்குள் நீங்கள் கொல்லையில். பாவம், அவர் சோப்பு வாங்கி வந்தார். நீங்கள் கேட்டது விளக்கெண்ணெய். அன்று எல்லோரும் சிரித்தோம்.

மாசி பிறந்ததும் காய்ச்சலில் படுத்தீர்கள். விஷக்காய்ச்சல் என்றார்கள். மூன்று வாரம். தவசுகாலம் ஆரம்பித்த முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. கிணற்றடிப் பாத்தி அந்த மாசியில் விதைக்க ஆளில்லாமல் வெறுமனே கிடந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஜைனப் வந்தாள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுதாள். பிறகு, கிணற்றடிப் பாத்தி இனிமேல் உனக்கு என்று ஆபா சொல்லியிருந்தார்கள், புதினாவும் பிந்திய வெள்ளரியும் போடலாமா என்று கேட்டாள். அக்கா என்பதை அவள் உருதில் வாய் நிறைய ஆபா என்று கூப்பிடுவதுதான் உங்களுக்குப் பிடிக்குமே. பார்க்கலாம் என்றேன். மறுநாள் கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அதையே சொன்னாள். அந்தப் பாத்தியை எனக்கென்று அம்மா சொல்லிவிட்டார்கள், நாளைக்கே தண்டுக்கீரை விதைக்கப் போகிறேன் என்றாள்.

இரண்டு பேரையும் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். அது என் முதல் தப்பு. தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

"செத்துப்போனவங்க வந்து சாச்சி சொல்லப் போறாங்களா டீச்சரம்மா? எனுக்குத்தான் சொன்னாங்க. என் காதால கேட்டுக்கினேன்" என்றாள் கன்னியம்மா.

ஜைனப் குரலை உயர்த்தவில்லை. "ஆபா பொய் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அப்படியானால் பொய் சொல்கிறவள் நானா என்று கன்னியம்மா கேட்க, பேச்சு எங்கெங்கோ போனது. நாலு வருஷம் ஒரே வாளியில் தண்ணீர் இறைத்தவர்கள். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீச்சர், நான் உங்கள் நாத்தனார், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார்கள்.

இங்கேதான் அண்ணி, இதுவரை யாரிடமும் சொல்லாததை நான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முந்தின நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது ஞாபகமிருக்கிறதா? "கிணத்தடிப் பாத்தி உனக்குத்தான், லூர்து." அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கேட்டீர்கள்.

ஆகவே வாக்கு வாங்கியவர்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். அன்று கிணற்றடியில் நான் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் அவர்களோடு வரிசையில் நிற்கிற ஒருத்தி ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் நான் நடுவர். அதை யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் பேசுகிற குரலில், அது வீட்டுப் பாத்தி, அண்ணி வைத்திருந்தது, இனிமேல் நான் வைப்பேன், மற்ற ஆறையும் நீங்கள் இரண்டு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். நியாயம் சொல்வதுபோல எனக்கே எடுத்துக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் திரும்பி அவரவர் வழியில் போய்விட்டார்கள். எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரையில் கத்தரி நாற்று வாங்கி நட்டேன். அண்ணனுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் பிடிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கன்னியம்மா அடையாற்றங்கரையில் தோட்டம் போடுகிறவர்களிடம் கீரை எடுத்து விற்கப் போய்விட்டாள். அதற்கு விடிவதற்கு முன் கிளம்பி அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். ஜைனபும் வரவில்லை. துணிக்கும் கட்டுப்பாடு வந்த பிறகு காதர் பாயின் மிஷினில் தைக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டில் அந்த மாதங்களில் என்ன சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கையிலிருந்த கார்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கோடை விடுமுறை வரைக்கும் சமாளித்தேன். பள்ளி திறந்ததும் முடியவில்லை. காலையில் இருபது வாளி, சாயங்காலம் இருபது வாளி. சுண்ணாம்புக் கட்டி பிடிக்கிற கையில் கொப்புளம். தூரத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் சுமக்க இடுப்பில் தெம்பில்லை. ஒவ்வொன்றாகக் காய்ந்து, உப்புப் பூத்து, பழையபடி முள் தலைகாட்டியது. என் கத்தரிச் செடி மட்டும் உயரமாக வளர்ந்தது. வளர்ந்து நுனி வாடித் தொங்கியது. தண்டுக்குள் புழு. பூ நிறைய, காய் எண்ணி நாலு. இரவுச் சாப்பாட்டில் வெறும் கோதுமைக் கஞ்சியைப் பார்த்துவிட்டு அண்ணன், "செசிலி இருந்தா..." என்று இழுத்தார். மீதியைச் சொல்லவில்லை. பாதியில் விடுகிற பழக்கத்தை அவருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஆடி நடுவில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. வருஷா வருஷம் முதல் நாள் நோன்புக் கஞ்சி நம் வீட்டுக்கு ஒரு பித்தளைத் தூக்கில் வருமே, இந்த வருஷம் வராது என்றுதான் இருந்தேன். வந்தது. காதர் பாயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். மூடியைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. நொய் மட்டும்தான். புதினா இல்லை, கொத்தமல்லி இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் புதினா எங்கேயிருந்து போனது என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன, வாசனையே காணோம்?" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? மறுநாள் பள்ளி விட்டதும் தோட்டத்துக்குப் போய் அந்த நாலு கத்தரிக்காயையும் பறித்து அதில் போட்டு எடுத்துக்கொண்டு ஜைனப் வீட்டுக்குப் போனேன். வேறு ஒன்றும் இல்லை, அண்ணி. நாலு வருஷமாக மூன்று வீட்டுக்குச் சோறு போட்ட தோட்டத்தில் வேறு ஒன்றும் இல்லை.

அவள் ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறினாள்.

"புழு விழுந்திருக்கே. வாடின நுனியைக் கிள்ளிப் போடலையா?"

"எனக்குத் தெரியாது."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"நீங்கதான் பேசலையே."

"நீங்க கூப்பிடலையே, டீச்சரம்மா" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு டீச்சர் குரல் வரவில்லை. உட்கார்ந்தேன். அண்ணி உங்களிடம் எப்போது சொன்னார்கள் என்று கேட்டேன். போன வருஷம் சித்திரையில், கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பேரும் கிர்ணி அறுத்துத் தின்றபோது சொன்னீர்களாம். வருகிற வருஷமும் இந்தப் பாத்தி உனக்குத்தான் என்றீர்களாம். கையெல்லாம் சாறு வழிந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்கள் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. முந்தானையில் துடைப்பது நீங்கள்தான்.

அப்போதே அவளையும் அழைத்துக்கொண்டு கன்னியம்மாவைத் தேடிப் போனேன். மந்தைவெளித் திருப்பத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கீரைக் கட்டுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கினு வர்றீங்க. இன்னா சமாச்சாரம்?"

அதே கேள்வியைக் கேட்டேன். கன்னியம்மா யோசிக்கவே இல்லை. "தை மாசம். அவரக்கா பறிச்சிக்கினு இருந்தோம். கூடையத் தூக்கி என் தலையில வெச்சாங்க. இந்தப் பாத்தி உனுக்குத்தான் கன்னிம்மான்னாங்க. வேற இன்னா சொல்லணும்?"

பஸ் ஒன்று கரிப்புகையைக் கக்கிக்கொண்டு போனது. பிறகு ஜைனப்தான் மெதுவாகச் சொன்னாள்: "அப்போ அவரைக்கு உனக்கு. வெள்ளரிக்கு எனக்கு."

கன்னியம்மா விரல் விட்டு மாதம் எண்ணினாள். ஆடியில் நான் விதைத்துத் தையில் காலி செய்து தந்தால், வைகாசிக்குள் நீ காயை எடுத்துக்கொண்டு பாத்தியை விடுவாயா என்று கேட்டாள். ஜைனப் விடுவேன் என்றாள். தை கடைசி வரை இழுக்கக் கூடாது, தை நடுவிலேயே தர வேண்டும் என்றாள். அதற்கு ஒரு சண்டை. தெருவில் உட்கார்ந்து பத்து நிமிஷம் போட்டார்கள். அதைக் கேட்க என் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

"நடுவுல ஆனி மாசம் சும்மாதான் கீது. அதுல டீச்சரம்மா முளைக்கீரை போட்டுக்கட்டும்" என்று முடித்தாள் கன்னியம்மா. ஆக என் பங்கு ஆனி மாதம். அன்று சாயங்காலமே வந்து, என் கத்தரிச் செடிகளை ஒரு வார்த்தை கேட்காமல் வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

இப்போது சொல்லுங்கள் அண்ணி. பருவத்துக்கு ஒருத்தி என்று நீங்கள் முன்பே கணக்காக நினைத்துத்தான் சொன்னீர்களா? அப்படியென்றால் "அவரைக்கு" என்று ஒரு சொல், "வெள்ளரிக்கு" என்று ஒரு சொல், அதைச் சேர்த்துச் சொல்ல நாக்குத் தேய்ந்துவிடுமா? அந்த ஒரு சொல் இல்லாமல் எங்களுக்கு ஒரு கோடை முழுக்கப் போனது. கன்னியம்மாவின் கால் தேய்ந்தது, ஜைனப் வீட்டுக் கஞ்சி வெளுத்தது. இல்லை, எதிரில் யார் நின்றாலும் அந்த நேரத்துச் சந்தோஷத்தில் தூக்கிக் கொடுத்தீர்களா? உங்களைத் தெரிந்த எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. அப்படியும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

எனக்குச் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அது மாசி மாதம். பாத்தியில் ஒன்றுமே இல்லை. உனக்குத்தான் என்றால் அனுபவிக்கவா, பார்த்துக்கொள்ளவா? நீங்கள் தண்ணீர் கேட்டதும் நான் டம்ளரை எடுக்கத் திரும்பிவிட்டேன். திரும்பாமல் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பீர்களா?

இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. கீரை அழுகிவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. புடலை பந்தல் நிறையத் தொங்குகிறது. வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டுகிறோம். அவரை பூத்திருக்கிறது. தூரத்துப் பாத்தி மூன்றைத் திரும்பக் கொத்தியாயிற்று. மற்ற மூன்றையும் தையில் பார்த்துக்கொள்ளலாம். காதர் பாய் மிஷினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார், பழைய துணியைத் திருப்பித் தைக்க ஆள் வருகிறார்களாம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் இறைக்க வருகிறார். பாதி அவர் வேட்டியில்தான் விழுகிறது. யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியும் ரேஷன் முடியவில்லை. வக்கீல் வீட்டிலிருந்தும் ஒரு தகவல் இல்லை. அவர் வந்து இடத்தைக் கேட்டால் என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் பேசுவதில்லை.

நேற்றுப் புடலை பறிக்கும்போது கன்னியம்மா ஜைனபிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "டீச்சரம்மா கோவக்காரங்கதான். ஆனா நம்மள மாதிரி எனுக்கு எனுக்குன்னு கேக்கல பாரு. வீட்டுக்குன்னுதான் கேட்டாங்க." ஜைனப் ஆமாம் என்றாள். பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்ற நான் கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டேன். ஒரு புடலையை மூன்று முறை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

இதை இங்கே எழுதுவது எனக்குச் சுலபம். பங்கில் இருக்கிற அத்தனை பேரும் படிப்பார்கள், படிக்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் படிக்க மாட்டார்கள். கன்னியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஜைனபுக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஆகையால் ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணி. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், தாளுக்குக் கொடுக்கும் முன்னால், இதைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதையும், நான் அதை மறைத்ததையும் சேர்த்து. திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஆனி மாதத்தைத் திருப்பிக் கேட்டால் அதையும் கொடுத்துவிடுவேன்.

உங்கள் மேல் கோபம் தீராத,
உங்கள் நாத்தனார்
லூர்து